தீக்காயத்தில் கிருமி வளர்ந்தால் உடனே ஆன்டிபயாட்டிக் வேண்டுமா?

தீக்காயப் பிரிவிலிருந்து வரும் ஸ்வாபில், அதாவது காயத்திலிருந்து பஞ்சால் எடுத்த மாதிரியில், எதுவுமே வளரவில்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சரியாக எடுத்தார்களா, வழியில் காய்ந்துவிட்டதா என்று கேட்கத் தோன்றும். மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்து, பெயர் கண்டுபிடித்து, அவை எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சில நாட்கள் ஆன தீக்காயம் என்றால் கிருமி வளர்க்கும் தட்டில் ஏதாவது ஒன்று வளர்ந்தே தீரும். அந்தப் பெயரை ரிப்போர்ட்டில் எழுதி அனுப்புவேன். அது வார்டுக்குப் போகும். இப்போதெல்லாம் நோயாளியின் குடும்பத்தாரின் கைபேசிக்கும் போய்விடுகிறது. அப்புறம் அந்தக் கேள்வி வரும்: "கிருமி இருக்கிறது என்று ரிப்போர்ட்டே சொல்கிறது, ஏன் இன்னும் ஆன்டிபயாட்டிக் போடவில்லை?"

நியாயமான கேள்விதான். மகனோ மகளோ வெந்த உடம்போடு படுத்திருக்கும்போது ஒரு தாய் இதைக் கேட்டால் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. புதிதாக வார்டுக்கு வரும் இளம் மருத்துவர்களும் வேறு வார்த்தைகளில் இதையேதான் கேட்கிறார்கள். இருவருக்குமாகச் சேர்த்து எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தீக்காயம் என்றால் முடிவு எடுக்க வேண்டியவர் அவரைப் பார்க்கும் மருத்துவர்தான். அவர் ஏன் காத்திருக்கிறார், ஏன் திடீரென்று மருந்தை மாற்றுகிறார் என்பது புரிய இந்தப் பதிவு உதவினால் எனக்கு மகிழ்ச்சி.

தோல் தீயில் வெந்ததும் முதல் சில மணி நேரம் காயத்தில் கிருமிகள் மிகக் குறைவு. அந்தச் சூடு மேல்தோலில் இருந்த பாக்டீரியாக்களையும் சேர்த்தே கொன்றுவிடுகிறது. ஆனால் மயிர்க்கால்களின் அடியிலும் வியர்வைச் சுரப்பிகளுக்குள்ளும் ஒளிந்திருப்பவை பிழைத்துக்கொள்கின்றன. சுமார் 48 மணி நேரத்துக்குள் அவை மேலே வருகின்றன. பெரும்பாலும் ஸ்டாஃபைலோகாக்கஸ், சில சமயம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். முதல் வாரம் முடியும் தறுவாயில் கிராம் நெகட்டிவ் என்ற பிரிவு பாக்டீரியாக்கள் சேர்ந்துகொள்கின்றன: சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர். இவை நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தும் வரும். கழுவுதொட்டியிலிருந்தும், கட்டில் கம்பியிலிருந்தும், நம் கைகளிலிருந்தும் வரும். இன்னும் நாள் போனால், அதுவும் பலமான ஆன்டிபயாட்டிக்குகள் நிறைய ஏறியிருந்தால், கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் முறை.

இவை அனைத்துக்கும் இடம் கொடுப்பது வெந்து செத்த தோல். மருத்துவர்கள் அதை எஸ்கார் என்பார்கள். ஈரமாக இருக்கும், புரதம் நிறைந்திருக்கும், உடம்பின் வெப்பத்திலேயே இருக்கும். ஆய்வகத்தில் கிருமி வளர்க்க நாங்கள் மெனக்கெட்டுத் தயாரிக்கும் ஊடகத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் இருக்கிறது. எதிர்த்து நிற்க வெள்ளணுக்கள்தான் இல்லை, ஏனென்றால் அங்கே ரத்த ஓட்டமே இல்லை. சூட்டில் நுண்ணிய ரத்தக் குழாய்களெல்லாம் உறைந்து அடைத்துப்போயிருக்கும்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி பாதி புரிந்த மாதிரி. நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் போகிறது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால் முதல் நாளே "எதற்கும் இருக்கட்டும்" என்று ஊசி போட்டால், செத்த தோலில் குடியேறும் கிருமிகளை அது தடுப்பதில்லை. ஆனால் குடலிலும் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் சாதுவான பாக்டீரியாக்களை அழித்துவிடுகிறது. காலியான இடத்தில் மருந்துக்கு அசையாத வகைகள் வந்து உட்காருகின்றன. பிறகு காயத்துக்கு வருபவையும் அவைதான். உலகத் தீக்காய மருத்துவர்களின் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தடுப்புக்காக ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. பெரிய காயத்தைச் செதுக்கியெடுக்கும் அறுவை சிகிச்சையின்போது பல இடங்களில் குறுகிய நேரத்துக்கு ஊசி போடுவார்கள். அது வேறு கணக்கு. அந்த அறுவையோடு முடிந்துவிடும்.

சரி, கிருமி எப்போதும் இருக்கும் என்றால், சிகிச்சை தேவைப்படும் தொற்று எப்போது ஆரம்பிக்கிறது? கிருமி செத்த தோலின் மேல் குடியிருப்பது ஒரு நிலை. அது அங்கிருந்து இறங்கி, உயிருள்ள திசுவுக்குள் நுழைவது வேறு நிலை. முதலாவதற்குக் கழுவுதல், மேல்பூச்சு, கட்டு, செத்த தோலை அகற்றுதல் போதும். இரண்டாவது வந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. இந்த இரண்டு நிலைகளிலும் என் தட்டில் வளரும் கிருமி ஒன்றேதான், ரிப்போர்ட்டில் வரும் பெயரும் ஒன்றேதான். ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு என்னால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. காயத்தைப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

அதனால் தினமும் கட்டுப் பிரிக்கும்போது காயத்தைக் கவனித்துப் பார்க்கும் செவிலியரின் கண்ணை எந்தக் கருவியை விடவும் நான் மதிக்கிறேன். நேற்று இளஞ்சிவப்பாக இருந்த இடம் இன்று கருத்தோ ஊதா நிறமாகவோ மாறியிருக்கிறதா? காயத்தின் ஓரத்தைத் தாண்டி நல்ல தோலில் சிவப்பு பரவுகிறதா? மேலோட்டமாக இருந்த காயம் ஆழமாகிவிட்டதா? எஸ்கார் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் கழன்று வருகிறதா? நன்றாக ஒட்டிக்கொண்டிருந்த தோல் ஒட்டு திடீரென்று கரைகிறதா? வலி கூடியிருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு "ஆமாம்" என்றால், அன்றைக்கு வரும் ஸ்வாப் எனக்கு வேறு மாதிரியான ஸ்வாப்.

ஸ்வாப் எடுக்கும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய மருந்தும் சீழும் அப்பியிருக்கும் மேற்பரப்பில் பஞ்சை ஒற்றியெடுத்து அனுப்பினால், மேலே மிதப்பதுதான் வளரும். முதலில் காயத்தைக் கழுவ வேண்டும். பிறகு ஒரு சதுர சென்டிமீட்டர் அளவு இடத்தில், அடித்திசுவிலிருந்து நீர் கசியும் அளவுக்கு அழுத்தி, பஞ்சைச் சுழற்றி எடுக்க வேண்டும். இதை லெவீன் முறை என்பார்கள். சந்தேகம் பலமாக இருந்தால் ஒரு சிறு துண்டுத் திசுவையே வெட்டி அனுப்புவது மேல். ஒரு கிராம் திசுவில் லட்சத்துக்கும் மேல் பாக்டீரியா இருந்தால் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம் என்பது பழைய கணக்கு. அதை விடவும் உறுதியானது, அந்தத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து உயிருள்ள திசுவுக்குள் கிருமி நுழைந்திருக்கிறதா என்று நேரடியாகக் காண்பது.

"காய்ச்சல் அடிக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். தீக்காயத்தில் போதாது. உடம்பின் பெரும்பகுதி வெந்தவருக்குத் தொற்று துளியும் இல்லாமலே காய்ச்சல் இருக்கும், நாடி ஓடும், வெள்ளணு எண்ணிக்கை ஏறியிருக்கும். உடம்பே எரிபொருளை அள்ளிப் போட்டு எரிக்கும் நிலை அது, வாரக்கணக்கில் நீடிக்கும். மற்ற நோயாளிகளுக்குப் பயன்படும் அளவுகோலை இங்கே வைத்தால் எல்லோருக்கும் எல்லா நாளும் செப்சிஸ், அதாவது தொற்றால் உடம்பின் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை, என்றுதான் வரும். அதனால் அமெரிக்கத் தீக்காயச் சங்கம் 2007-இல் தனி அளவுகோல் ஒன்றை வெளியிட்டது. பெரியவர்களுக்கு வெப்பம் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் அல்லது 36.5-க்குக் கீழ், நாடி 110-க்கு மேல் ஏறிக்கொண்டே போவது, மூச்சு நிமிடத்துக்கு 25-க்கு மேல், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ், சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ரத்தச் சர்க்கரை எகிறுவது, குழாய் வழி ஊட்டும் உணவை ஒரு நாளுக்கு மேல் வயிறு ஏற்காமல் இருப்பது. இவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்து வந்தால் தொற்று எங்கே என்று தேட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது மாற்றம்தான். நேற்று வரை உணவு ஏற்றுக்கொண்ட வயிறு இன்று மறுக்கிறது. நேற்று பேசியவர் இன்று குழம்புகிறார். 38.5 டிகிரியிலேயே இருந்தவர் திடீரென்று 36-க்கு இறங்கிவிட்டார். உடம்பு குளிர்ந்ததும் "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று குடும்பத்தார் நிம்மதியடைவார்கள். மருத்துவர் அப்போதுதான் அதிகம் கவலைப்படுவார்.

கண்மூடித்தனமாக மருந்து போட்டால் ஒரு வார்டில் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் விபத்து மருத்துவமனையின் கதையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். 1940-களில் லெனர்ட் கோல்புரூக் என்ற மருத்துவர் அங்கே தீக்காய ஆய்வுப் பிரிவை வழிநடத்தினார். பிரசவக் காய்ச்சலுக்கு சல்ஃபா மருந்து வேலை செய்கிறது என்று 1936-இல் காட்டியவர் அவர்தான். அந்தக் காலத் தீக்காய வார்டுகளில் பெரும் தலைவலி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஒட்டிய தோலை ஒரே இரவில் கரைத்துவிடும். பெனிசிலினுக்கு அது அடங்கியது, இன்று வரை அடங்குகிறது. ஆனால் கோல்புரூக் மருந்தோடு நிற்கவில்லை. கட்டு மாற்றுவதை அறுவை சிகிச்சைக்குச் சமமான கவனத்தோடு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். குழந்தைகள் நெருப்பில் விழாமல் இருக்கக் கணப்படுப்புகளுக்குத் தடுப்பு கட்டாயம் என்று சட்டம் வரும் வரை போராடினார். 1952-இல் அந்தச் சட்டம் வந்தது.

அவருக்குப் பின் அங்கே பாக்டீரியா ஆய்வைக் கவனித்தவர் எட்வர்ட் லோபரி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒடுங்கிய இடத்தில் சூடோமோனாஸ் வந்து அமர்ந்திருந்த காலம் அது. 1960-களின் பிற்பகுதியில் கார்பெனிசிலின் என்ற புது மருந்து வந்தது. சூடோமோனாஸை அடக்கும் பெனிசிலின் வகை. எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. 1969-லேயே லோபரியின் குழு அதற்குத் துளியும் அசையாத சூடோமோனாஸை அந்த வார்டில் கண்டது. காரணத்தைத் தேடிப் போனபோது இன்னும் பெரிய செய்தி கிடைத்தது. எதிர்ப்புத்திறனைத் தரும் மரபணு ஒரு பிளாஸ்மிடில், அதாவது கிருமிக்குக் கிருமி கைமாறும் ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. ஒரே வார்டில், ஒரே நோயாளியின் காயத்தில், கிளெப்சியெல்லா போன்ற வேறு இனங்களுக்கும் சூடோமோனாஸுக்கும் இடையே அது பரிமாறப்பட்டிருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பிளாஸ்மிடுகளை உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் பயன்படுத்துகிறோம். பாடப்புத்தகத்தில் அவற்றின் பெயரைப் படிக்கும் மாணவர்களுக்கு, அவை சில தீக்காய நோயாளிகளின் கட்டுகளிலிருந்து வந்தவை என்று நான் சொல்லாமல் விடுவதில்லை.

அந்தப் பிரிவில் கார்பெனிசிலினை நிறுத்தினார்கள். எதிர்ப்புத்திறனைக் கடத்தும் அந்தக் கிருமிகள் வார்டிலிருந்து மறைந்துபோனதை லோபரி 1972-இல் எழுதினார். ஒரு வார்டில் எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது என்பதற்கும் அங்கே எந்தக் கிருமி தங்குகிறது என்பதற்கும் உள்ள தொடர்பை இவ்வளவு நேராகக் காட்டிய நிகழ்வுகள் குறைவு. இளம் மருத்துவர்களிடம் "வேண்டாம்" என்று நான் சொல்லும்போது என் மனதில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

ஊசி மருந்து போய்ச் சேராத இடத்துக்கு மேலிருந்து மருந்து போடலாம் என்ற எண்ணமும் 1960-களில்தான் வேரூன்றியது. 0.5 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்த கட்டுகளை 1965-இல் கார்ல் மோயரின் குழு பரப்பியது. ஏறக்குறைய அதே காலத்தில் மாஃபெனைடு என்ற களிம்பு வந்தது. எஸ்காரை ஊடுருவிச் செல்லும் திறன் அதற்கு உண்டு. ஆனால் தடவினால் கடுமையாக எரியும், பரந்த இடத்தில் தடவினால் ரத்தத்தில் அமிலம் கூடும். 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் வெள்ளியையும் சல்ஃபாவையும் இணைத்து சில்வர் சல்ஃபாடயசினை உருவாக்கினார். அந்த வெள்ளைக் களிம்பு பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுக்கத் தீக்காயத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் அது மேலோட்டமான காயங்களில் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்று இப்போது தெரிகிறது. களிம்பும் கசிவும் சேர்ந்து ஒரு படலம் உண்டாகி, அடியில் காயம் எப்படி இருக்கிறது என்பதையும் மறைத்துவிடும். இப்போது வெள்ளி கலந்த நவீனக் கட்டுகளைப் பல நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நோயாளிக்கு வலி குறைகிறது என்பதே எனக்கு அதில் பெரிய விஷயம்.

ஆனால் எந்த மருந்தையும் களிம்பையும் விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது கத்திதான். ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில் பணிபுரிந்த சோரா யான்செகோவிச் என்ற பெண் அறுவை மருத்துவர், செத்த தோல் தானாகக் கழன்று விழும் வரை காத்திருக்காமல், முதல் சில நாட்களுக்குள்ளேயே அதை மெல்லிய அடுக்குகளாகச் சீவி, ரத்தம் கசியும் உயிருள்ள திசு வந்ததும் நிறுத்தி, உடனே தோல் ஒட்டும் முறையை 1970-இல் விரிவாக எழுதினார். கிருமியின் வீட்டையே பெயர்த்து எடுத்துவிடுகிற வேலை. இன்று தொற்றால் இறப்பவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்றால் பெரும்பங்கு இந்தச் சீக்கிர அறுவைக்குத்தான் சேர வேண்டும் என்பது என் கருத்து. செத்த தோலை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றன் மேல் ஒன்றாக ஆன்டிபயாட்டிக் மாற்றிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். அடுத்த மருந்தின் பெயரைக் கேட்டு ஆய்வகத்துக்குப் போன் வரும். அந்த நேரத்தில் அறுவை அரங்கை எப்போது பிடிக்கலாம் என்று கேட்பதுதான் அந்த நோயாளிக்கு உதவும்.

இப்போது உண்மையிலேயே தொற்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கே தாமதத்துக்கு இடமில்லை. முதலில் ரத்தம், காயத்தின் திசு, தேவைப்பட்டால் சளி, சிறுநீர் எல்லாவற்றிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். எடுத்த கையோடு மருந்தைத் தொடங்க வேண்டும். எந்தக் கிருமி என்று இன்னும் தெரியாததால், அந்த வார்டில் சமீபமாக எவை சுற்றிக்கொண்டிருக்கின்றன, எதற்கு அடங்குகின்றன என்ற பட்டியலைப் பார்த்துத் தொடங்குவார்கள். இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்தும் போகும். இந்த அகலமான தொடக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகும் அதே அகலத்தில் தொடர்வதைத்தான் குறை சொல்வேன்.

ஏனென்றால் அதற்குள் ஆய்வகத்தில் வேலை நடந்துவிடுகிறது. மறுநாள் காலையில் தட்டைத் திறந்தால் பல நேரம் மூக்கே பாதி சொல்லிவிடும். சூடோமோனாஸுக்குத் திராட்சைப் பழ வாசம், தட்டில் நீலம் கலந்த பச்சை நிறம். பெயரை உறுதிசெய்ய இப்போது மால்டி-டாஃப் கருவி இருக்கிறது. வளர்ந்த கிருமியின் புரதங்களை லேசர் கொண்டு எடைபோட்டுச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். மருந்துக்கு அடங்குமா என்று பார்க்க இன்னொரு நாள் வேண்டும். கிருமியைப் பரப்பிய தட்டில் மருந்து ஊறிய சிறு வில்லைகளை வைத்து, சுற்றிலும் எவ்வளவு தூரம் வளராமல் நிற்கிறது என்று அளக்கும் முறை 1966-இல் ஒழுங்குபடுத்தப்பட்டது. இன்றும் அதைத்தான் பெரும்பாலும் செய்கிறோம். சில மருந்துகளுக்கு, குறிப்பாகக் கோலிஸ்டினுக்கு, இந்த வில்லை முறை நம்பத்தகுந்ததல்ல. நீர்ம ஊடகத்தில் அளவு அளவாகக் கலந்துதான் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிப்பதில் ஒரு தவறான பழக்கம் எங்கும் இருக்கிறது. மருந்துகளின் பெயருக்கு எதிரே எண்கள் இருக்கும். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச அடர்த்தி அது. மெரோபெனமுக்கு 1 என்றும் செஃப்டாசிடிமுக்கு 2 என்றும் இருந்தால், 1 சிறியது, ஆகவே மெரோபெனம் மேல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒப்பிடவே கூடாது. எந்த எண் வரை கிருமி அடங்கும் என்று கொள்ளலாம் என்ற எல்லை ஒவ்வொரு மருந்துக்கும் வேறு. பரவலாகப் பயன்படும் ஓர் அளவுகோலின்படி சூடோமோனாஸுக்கு மெரோபெனமின் எல்லை 2, செஃப்டாசிடிமின் எல்லை 8. அப்படியானால் இந்த எடுத்துக்காட்டில் எல்லையிலிருந்து அதிகம் தள்ளி நிற்பது செஃப்டாசிடிம்தான். "அடங்கும்", "அடங்காது" இரண்டுக்கும் நடுவில் "ஐ" (I) என்று போட்டிருந்தால் அது "பாதி வேலை செய்யும்" என்று பொருள்படாது. ஐரோப்பிய அளவுகோல் 2019 முதல் அதைத் தெளிவாகவே சொல்கிறது: கூடுதல் அளவில் கொடுத்தால் வேலை செய்யும்.

பெயரும் பட்டியலும் கையில் வந்ததும் மருந்தைக் குறுக்க வேண்டும், அதாவது அந்தக் கிருமியை மட்டும் குறிவைக்கும் மருந்துக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் பலருக்கும் மனம் வருவதில்லை. "பெரிய மருந்தில் முன்னேறுகிறார், எதற்குச் சின்ன மருந்துக்கு மாற்ற வேண்டும்?" என்பார்கள். மெதிசிலினுக்கு அடங்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்றால் செஃபசோலினோ ஃப்ளூக்ளோக்சசிலினோ வான்கோமைசினை விடச் சிறப்பாகக் கொல்லும். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பெனிசிலினை மிஞ்ச ஒன்றுமில்லை. சூடோமோனாஸ் செஃப்டாசிடிமுக்கு அடங்கும் என்றால் மெரோபெனமை வேறொரு நாளுக்கு எடுத்துவைக்கலாம். குறுகிய மருந்து என்றால் பலவீனமான மருந்து என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, ஆனால் அது ஆழமாகப் பதிந்திருக்கிறது.

சரியான மருந்தைத் தேர்ந்த பிறகும் தீக்காயத்தில் ஒரு கண்ணி காத்திருக்கிறது. என்னைக் கேட்டால் அதிகம் பேசப்படாத, அதிகம் பேசப்பட வேண்டிய பகுதி இது. முதல் ஓரிரு நாள் தாண்டியதும் பெரிய தீக்காயம் பட்டவரின் இதயம் வேகமாக அடிக்கிறது, சிறுநீரகங்களுக்குப் போகும் ரத்தம் கூடுகிறது. சிறுநீரகங்கள் வழக்கத்தை விட வேகமாக மருந்தை வடிகட்டி வெளியே தள்ளுகின்றன. நிமிடத்துக்கு 130 மில்லிலிட்டருக்கு மேல் வடிகட்டல் போனால் அதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிறோம்: மிகை வடிகட்டல். உடம்பில் நீர் தேங்கி வீங்கியிருப்பதால் மருந்து பரவும் இடமும் பெரிதாகிவிடுகிறது. ரத்தப் புரதமான ஆல்புமின் குறைந்திருக்கிறது. காயத்தின் வழியாகவும் மருந்து கசிகிறது. விளைவு, புத்தகத்தில் போட்டிருக்கும் வழக்கமான டோஸ் அடுத்த டோஸ் வருவதற்கு வெகு முன்பே ரத்தத்தில் கரைந்துபோய்விடுகிறது. ரிப்போர்ட்டில் "அடங்கும்" என்று இருக்கிறது, மருந்தும் போகிறது, நோயாளி தேறவில்லை. பிறகு "இந்த மருந்து கேட்கவில்லை" என்று அதை விடப் பெரிய மருந்துக்குத் தாவுகிறார்கள். அளவு போதவில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. குறைந்த அளவு மருந்தில் நீந்திப் பழகிய கிருமி எதிர்ப்புத்திறனையும் கற்றுக்கொள்கிறது.

பெனிசிலின், செஃபலோஸ்போரின், மெரோபெனம் வகை மருந்துகள் ரத்தத்தில் தேவையான அடர்த்திக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே கொல்லும். அதனால் அரை மணியில் ஏற்றி முடிக்காமல் மூன்று நான்கு மணி நேரம் மெதுவாக ஏற்றுவது இப்படிப்பட்ட நோயாளிக்குப் பெரிதும் உதவும். அமிக்காசின் வகை உச்ச அடர்த்தியைப் பொறுத்துக் கொல்பவை. அவற்றை ஒரே பெரிய டோஸாகக் கொடுப்பார்கள். வான்கோமைசினுக்கு ரத்தத்தில் அளவு பார்த்து டோஸைத் திருத்த வேண்டும். வசதியுள்ள இடங்களில் மெரோபெனமுக்கும் அளவு பார்க்கிறார்கள். அது எங்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் குறைவாகவோ இயல்பாகவோ இருப்பதைப் பார்த்து "சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, வழக்கமான டோஸ் போதும்" என்று முடிவுகட்டுவது இங்கே தவறான கணக்கு. அதே நோயாளிக்கு அடுத்த வாரம் செப்சிஸ் முற்றிச் சிறுநீரகம் சுணங்கினால் கணக்கு நேர்தலைகீழாகும். அதே டோஸ் நஞ்சாகிவிடும். அதனால் டோஸைத் தினமும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

எதற்குமே அடங்காத கிருமி வந்தால்? வருகிறது. அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளுக்கு அசையாத அதன் வகையை உலக சுகாதார நிறுவனம் 2017-லும் 2024-லும் புது மருந்து மிக அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒருகாலத்தில் ஒதுக்கிவைத்த கோலிஸ்டினை அதற்காகத்தான் திரும்ப எடுத்தோம். இரும்புச் சத்தைத் தேடும் கிருமியின் வாசல் வழியாகவே உள்ளே நுழையும் செஃபிடெரோகால் 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புது மருந்துகள் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் கார்பெனிசிலினை வரவேற்றவர்களும் இப்படித்தான் மகிழ்ந்திருப்பார்கள்.

பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களான ஃபேஜ்களைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஃபேகோபர்ன் என்ற ஆய்வு நடந்தது. சூடோமோனாஸ் தொற்றிய தீக்காயங்களில் 12 ஃபேஜ்களின் கலவையை சில்வர் சல்ஃபாடயசினோடு ஒப்பிட்டார்கள். 27 நோயாளிகளைச் சேர்த்ததோடு நிறுத்த வேண்டியதாயிற்று. கிருமியின் அளவைக் குறைக்கக் களிம்புக்கு 47 மணி நேரம், ஃபேஜுக்கு 144 மணி நேரம். பின்னால் பார்த்தபோது, தயாரித்த பிறகு ஃபேஜ்கள் நிலைக்காமல் போய், ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 10 முதல் 100 வரைதான் இருந்திருக்கின்றன. சிகிச்சை பலிக்காத நோயாளிகளின் கிருமிகள் அந்தக் குறைந்த அளவுக்கு அடங்காதவை. ஃபேஜ் தோற்றது என்று இதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு இதில் தெரிவது அதே பழைய விஷயம்தான்: குறி சரியாக இருந்தும் போய்ச் சேர்ந்த அளவு போதவில்லை.

பெற்றோருக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதுவரை பேசியது பெரிய காயங்களைப் பற்றி. சின்னஞ்சிறு குழந்தைகளுக்குச் சிறிய காயத்திலும், வெந்நீர் பட்ட சிறு இடத்திலும் ஒரு பெரிய ஆபத்து வரலாம். காயத்தில் குடியேறிய ஸ்டாஃபைலோகாக்கஸ் நஞ்சைச் சுரந்தால், அதை எதிர்க்கும் புரதம் சிறு குழந்தையின் உடலில் பெரும்பாலும் இருக்காது. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் அதிகம் காண்பது. காயம் பட்ட இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் கடுமையான காய்ச்சல், உடம்பெங்கும் சிவந்த தடிப்பு, வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, சோர்ந்து துவளுதல். காயமோ பார்க்க நன்றாகவே இருக்கும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. இப்படி இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். "சில நாள் முன்னால் சுட்டுக்கொண்டது" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டாஃபைலோகாக்கஸைக் கொல்லும் மருந்தோடு, நஞ்சு சுரப்பதை நிறுத்த கிளிண்டாமைசினும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

இனி, வார்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கக்கூடியவை. முதல் டோஸுக்கு முன் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் மாதிரி) எடுத்தாயிற்றா? எந்தக் கிருமி, காயத்தில் மட்டுமா, ரத்தத்திலும் வந்ததா? ரிப்போர்ட் வந்த பிறகு மருந்தைக் குறுக்க முடியுமா? சிறுநீரகக் கணக்குப்படி டோஸ் போதுமா? செத்த தோலை எப்போது எடுக்கப்போகிறீர்கள்? எப்போது நிறுத்துவீர்கள்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் சங்கடப்படமாட்டார். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைத் தேய்த்துக் கழுவுங்கள், கட்டைத் தொடாதீர்கள், கழுவுதொட்டியின் ஓரத்தில் நோயாளியின் பொருட்களை வைக்காதீர்கள். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அசினெட்டோபாக்டர் நடந்து போவதில்லை, நாம்தான் கொண்டுபோகிறோம்.

கடைசிக் கேள்வியான எப்போது நிறுத்துவது என்பதில்தான் என் போன் அதிகம் ஒலிக்கிறது. ரத்தத்தில் கிருமி இல்லை, வெப்பமும் நாடியும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன, உணவு ஏறுகிறது, பிளேட்லெட் கூடுகிறது, காயத்தின் ஓரம் வெளுத்துவிட்டது, செத்த தோலை எடுத்தாயிற்று என்றால் நிறுத்தலாம். பல தொற்றுகளுக்கு ஒரு வாரத்தை ஒட்டிய சிகிச்சை போதும். ரத்தத்தில் ஸ்டாஃபைலோகாக்கஸ் இருந்தால், எலும்போ இதய வால்வோ பாதித்திருந்தால் அதிகம். நிறுத்தின மறுநாள் கட்டு மாற்றும்போது வழக்கப்படி ஒரு ஸ்வாப் வரும். அதில் அதே சூடோமோனாஸ் திரும்பவும் வளரும். ரிப்போர்ட்டில் அதே பெயரை எழுதுவேன், குடும்பத்தார் கைபேசியில் பார்ப்பார்கள், வார்டிலிருந்து அழைப்பார்கள். காயம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். நன்றாக ஆறிக்கொண்டிருக்கிறது என்று செவிலியர் சொன்னால், மருந்தைத் திரும்பத் தொடங்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.